தங்கம் அசல், காசு போலி

அமெரிக்காவில் 1850இல் புழக்கத்துக்கு வந்த இருபது டாலர் தங்கக் காசின் எடை 33.436 கிராம். 90 சதவீதம் தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பு. சேகரிப்பவர்கள் முதலில் இதைத் தராசில்தான் வைப்பார்கள், ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் போதாது, ஈயத்தைக் கொஞ்சம் தடிமனாக வார்த்து முலாம் பூசினாலும் அதே எடை வந்துவிடும்.

அதனால் அடர்த்தியைப் பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. நல்ல காசுக்கு 1.94 கிராம் வரும், காசின் எடையை அதனால் வகுத்தால் சுமார் 17.2. ஈயம் என்றால் 11 சொச்சம்தான். காசு தேய்ந்து எடை குறைந்திருந்தாலும் அடர்த்தி மாறாது என்பது இந்தச் சோதனையின் பெரிய பலம்.

இதையும் ஏமாற்றியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு. அதன் அடர்த்தி 21.45, செம்பு சேர்த்து இறக்கினால் தங்கக் காசின் அடர்த்திக்கே வந்து நிற்கும். அதற்கு முலாம் பூசிய கள்ளக் காசுகள் அன்று நிஜமாகவே சுற்றின.

சரி, காசும் தங்கமும் அசலாகவே இருந்து, ஓர் எழுத்து மட்டும் பொய் என்றால்? என்னைக் கேட்டால் இதுதான் ஆபத்தானது. 1870இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 9,82,000 இருபது டாலர் காசுகளை அடித்தது, அதே ஆண்டு நெவாடாவின் கார்சன் சிட்டி அடித்தது வெறும் 3,789. காசின் பின்பக்கத்துக் கழுகின் வாலுக்குக் கீழே, கார்சன் சிட்டியில் அடித்தது என்பதற்கு அடையாளமான ‘சிசி’ (CC) என்று இருந்தால் விலை எங்கேயோ போய்விடும், அதனால் அப்படி எழுத்தே இல்லாத பிலடெல்பியா நாணயச்சாலைக் காசில் அதை ஒட்டவைக்கத் தோன்றுகிறது. இங்கே தராசும் தண்ணீரும் ஒன்றும் சொல்லாது.

காசு அடிக்கும்போது அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. அப்படி நகர்ந்த தடம் பரப்பில் மிக நுண்ணிய கோடுகளாகத் தங்குகிறது, காசைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளிக்கற்றை சுழல்வது போலத் தெரிவது அந்தக் கோடுகளால்தான். அசல் எழுத்தும் அதே உலோகம் எழும்பி உருவானது, அடிவாரத்தில் இடைவெளியே இருக்காது. ஒட்டிய எழுத்தைச் சுற்றி நுண்ணோக்கியில் பிளவோ பசையோ சுரண்டலோ தெரியும். அச்சில் எழுத்தைக் கையால்தான் பதித்தார்கள் என்பதால் ஒவ்வொரு அச்சிலும் அதன் இடமும் சாய்வும் கொஞ்சம் வேறுபடும். சந்தேகப்படும் காசை உறுதியான அசலின் படத்தோடு வைத்துப் பார்த்தால் இடம் பொருந்துகிறதா என்பது புரிந்துவிடும்.

பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பதும் இதனால்தான். துணியும் பவுடரும் முதலில் அழிப்பது அந்த நுண்கோடுகளைத்தான்.