வேலை ஒரு மணி நேரம், காத்திருப்பு நாலு நாள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டரும் லாரியும் பார்த்த போர்மன். அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவன் நான். முன்பெல்லாம் எங்களிடம் வந்தது செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளும் லயத்து மோட்டார் சைக்கிள்களும்தான். கோவிட் முடிந்து ஊர் திறந்த பிறகு கேம்பர்வேன்களும் வர ஆரம்பித்தன. கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலை எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. ஏறும்போது இஞ்சின் சூடாகி நின்றவர்கள், இறங்கும்போது பிரேக் புகைந்தவர்கள், இரண்டு கூட்டமும் எங்கள் பக்கம் வந்து சேரும்.

வண்டியை விட்டு இறங்கியதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எப்பண்ணே ரெடியாகும்?" என் பதில் பல நேரம் அவர்களுக்குப் புரிவதில்லை. வேலை ஒரு மணி நேரம். ஆனால் எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்க ஒரு நாள், அது வந்து சேர இரண்டு மூன்று நாள். அந்த நாள்களில் பாதியை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே மிச்சம் பிடித்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். காலையில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்து கொடுத்தோம், ஓடியது. மறுநாள் காலை மறுபடியும் செத்துக் கிடந்தது. கேம்பர்வேன் என்பது ஒரே உடம்பில் இரண்டு வண்டி. ஒன்று தொழிற்சாலை செய்தது. மற்றது கட்டில், ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் வைத்து மாற்றிக் கொடுத்த கடைக்காரர் செய்தது. முதல் வண்டிக்குப் புத்தகம் இருக்கிறது. இரண்டாவது வண்டியின் ஒயரிங் அந்தக் கடைக்காரரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அவரோ போனை எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ், விளக்குக்கான வீட்டுப் பேட்டரியையும் இஞ்சின் பேட்டரியையும் பிரித்து வைக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்று உண்டு. இஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்க்கும், நின்றதும் பிரிக்கும். அது ஒட்டிப்போயிருந்தால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் இஞ்சின் பேட்டரியைக் குடிக்கும். அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் ரிலே எங்கே? கட்டில் பலகையைக் கழற்றி, அலமாரியைக் கழற்றி, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். தேடியது ஒன்றரை நாள், மாற்றியது கால் மணி நேரம். ஆசிரியருக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். "வண்டி கட்டும்போது ஒரு படம் எடுத்து வச்சிருக்கலாம் தம்பி," என்றார். எடுத்திருக்கலாம்தான். பலகை மூடும் முன் போனில் பத்துப் படம், எந்த ஃபியூஸ் எங்கே என்று ஒரு தாள், அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தால் போதும். ஏற்கெனவே மூடிய வண்டியா? கட்டிக் கொடுத்தவரிடம் இப்போதே போய்க் கேளுங்கள், பழுதான பிறகு வேண்டாம்.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மலையில் இருக்கும் ரிங்லெட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். டொயோட்டா ஹையேஸ் வேன், டீசல், இஞ்சின் நடுங்குகிறது, புகை தள்ளுகிறது என்றார். இஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று ஊகித்தேன், ஊகம் சரி. வண்டி மலையிலிருந்து இறங்கும் முன்பே சாமானுக்குச் சொல்லிவிட்டால் ஒரு நாள் மிச்சம் என்று ஈப்போவுக்கு ஆர்டர் கொடுத்தேன். வண்டி வந்ததும் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் வேறு இஞ்சின். உள்ளூரில் விற்ற ஹையேஸ் பலவற்றில் 2.5 லிட்டர் 2கேடி இஞ்சின். ஜப்பானிலிருந்து ரீகண்டாக, அதாவது ஓடிய வண்டியைப் புதுப்பித்து விற்பதாக, வந்தவற்றில் 3.0 லிட்டர் 1கேடியும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, இன்ஜெக்டர் மட்டும் ஒத்துப்போகாது. மிச்சம் பிடிக்க நினைத்த ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் போனது. இப்போது போனில் யார் கூப்பிட்டாலும் முதலில் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் கேட்கிறேன்: சேசி எண் இருக்கும் தகடு, கெரானில், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரத்தில், இஞ்சின் எண் உள்ள பக்கம். ரீகண்ட் வேன் வைத்திருக்கிறவர்கள் இந்த இரண்டையும் போனில் எப்போதும் வைத்திருங்கள். சாமான் கடைக்காரருக்கு வண்டியின் பெயர் முக்கியமில்லை, எண்தான் வேண்டும்.

அப்புறம் பிரேக். இதில்தான் எனக்குப் பயம் அதிகம். சாதாரண வேன் வாரத்தில் ஒரு நாள் பாரம் ஏற்றும். கேம்பர்வேன் எந்நாளும் பாரத்தோடுதான் ஓடும். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, அதற்கு மேல் பேட்டரி, பலகை, கேஸ், மாமியார் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை. மலை மேலுள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு பிரேக் எண்ணெய்க்கு ஏறும். டாட் 3 (DOT 3) என்ற வகை பிரேக் எண்ணெய் புதியதாக இருந்தால் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது கணக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும்; ஈரம் குடித்த டாட் 3க்கு அந்த அளவு 140தான். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவைத்தால் பெடல் திரும்ப வந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று மறுபடி கிளம்புகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. அடுத்த வளைவில் அதே எண்ணெய்தான் கொதிக்கப்போகிறது. சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், கோணிப்போகும். ஏறிய கியரிலேயே இறங்குவது எங்கள் தோட்டத்து லாரிக்காரர்களின் பழைய வழக்கம். ஆட்டோ கியர் என்றாலும் சின்ன கியருக்கு மாற்ற வழி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

டீசல் வேனுக்கு இன்னொரு வியாதி. வருடத்தில் பத்து மாதம் போர்ச்சில் தூங்குகிற வண்டி இது. நம் பம்புகளில் வரும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. பி10 என்றால் பத்து விழுக்காடு, பி7 என்றால் ஏழு. எங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் மரங்களின் எண்ணெயே உங்கள் டாங்கியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் தேங்கினால் கசடு பிடிக்கும், மலை ஏறும்போது ஃபில்டர் அடைத்து வண்டி மூச்சு வாங்கும். ஒரு டீசல் ஃபில்டர் கையோடு இருந்தால் அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் மறுநாள். டயரிலும் பூ தேயவில்லை என்று நம்ப வேண்டாம். பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர்.

வண்டி ஹைவேயில் நின்றுவிட்டால் அவசரப் பாதையில் உள்ளே உட்கார்ந்து ஏர்கண்டிஷன் போடாதீர்கள். எல்லாரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் அனுப்பிவிட்டு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண்ணான பிளஸ்லைன் 1800-88-0000க்குக் கூப்பிடுங்கள். சின்னச் சாலை என்றால் மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பகலுக்குச் சரி, இரவில் அது தெரியாது, முக்கோணம் வையுங்கள். இழுக்க வரும் லாரிக்காரரிடம் வண்டியின் உயரத்தை முதலிலேயே சொல்லுங்கள். ஹையேஸ் பின்சக்கர இழுவை. ஆட்டோ கியர் வண்டியைப் பின்சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும். மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரியாகக் கேளுங்கள். கூப்பிடாமலே வந்து கொக்கியை மாட்டுகிறவரிடம், எங்கே கொண்டு போகிறீர்கள், எவ்வளவு வெள்ளி என்று கேட்டு எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் காத்திருக்க நேர்ந்தால் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வண்டியிலேயே படுக்க வைக்காதீர்கள். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெயில் பொல்லாதது. தாப்பா ரோடு ஸ்டேஷனில் ஈடிஎஸ் ரயில் நிற்கும், அவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். இன்சுலின் வைத்திருக்கிறவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறது. வெல்டிங் வேலை இருந்தால் கேஸ் தோம்பை இறக்கிவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படுத்துக் கிடக்கும்.

பணம் பேசும்போது கூச்சம் வேண்டாம். வண்டிக் கம்பெனி பெயரில் வரும் ஒரிஜினலா, கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரில் விற்கும் ஓஇஎம்மா, பழைய வண்டியிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள், மூன்றும் மூன்று விலை. மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கிற போர்மனும் இருக்கிறார். தகராறு முற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளிக்கு முன்பின் பயணம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: நாங்கள் திறந்திருந்தாலும் சாமான் கடையும் அனுப்பி வைக்கிறவர்களும் லீவில் இருப்பார்கள்.

இதை எழுதும்போது வாசலில் ஒரு வேன் நிற்கிறது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. சாமான் கிள்ளானிலிருந்து இன்று ராத்திரி பஸ்ஸில் ஏறும் என்றார்கள். வண்டிக்கார அம்மா, பெட்டி ஏறும் முன்பே அதன் படத்தைக் கேட்டு வாங்கி, பழையதன் மேல் இருந்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தியது. இப்போது ஒட்டுக்கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.