91 பகா எண் இல்லை, தயவுசெய்து!

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கணக்கு எடுப்பது என் வேலை. சமீபத்தில் ஒரு மாதிரித் தேர்வில் 91/119 என்ற பின்னத்தைச் சுருக்கச் சொல்லியிருந்தேன். பல தாள்களில் பின்னம் அப்படியே திரும்பி வந்திருந்தது. ஒருவர் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தார்: 'இரண்டும் பகா எண்கள், சுருங்காது.' விடை 13/17. இரண்டையும் 7-ஆல் அடித்தால் முடிந்தது.

கூப்பிட்டுக் கேட்டால், "ஒற்றைப்படைதானே சார்" என்கிறார்கள். 9, 15, 21 எல்லாம் ஒற்றைப்படைதானே, அவை பகா எண்களா? "அது தெரியும் சார், ஆனா 91 வாய்ப்பாட்டுல வராதே!"

எனக்குக் கோபம் வருவது இந்தப் பதிலுக்குத்தான். ஏழாம் வாய்ப்பாட்டை எழுபதோடு நிறுத்தியது புத்தகம் அச்சடித்தவர். ஏழின் மடங்குகள் அவர் சொன்னதற்காக நிற்காது. 77, 84, 91 என்று போய்க்கொண்டே இருக்கும். 7 × 13 = 91. அதே போல 119 = 7 × 17, 133 = 7 × 19, 161 = 7 × 23. இவற்றில் எதுவும் நாம் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டில் கண்ணில் பட்டிருக்காது. கண்ணில் படாததெல்லாம் பகா எண் ஆகிவிடுமா? 51, 57, 87 ஆகியவற்றில் ஏமாறுபவர்களுக்கு மன்னிப்பே கிடையாது. இலக்கங்களைக் கூட்டினால் 3-ஆல் வகுபடுவது உடனே தெரிந்துவிடும்.

91-க்கு வேஷம் போடுவது கைவந்த கலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய எண் பகா எண்ணா என்று பார்க்க பெர்மா சோதனை என்று ஒன்று உண்டு. அந்த எண்ணால் வகுபடாத வேறொரு எண்ணை அடியாக வைத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணாலேயே வகுக்க வேண்டும்; அது பகா எண் என்றால் மீதி 1 வரும். 3-ன் அடுக்கு 6 என்பது 729; அதை 91-ஆல் வகுத்தால் மீதி 1. 90 என்பது 6-ன் மடங்கு, அப்படியானால் 3-ன் அடுக்கு 90-க்கும் மீதி 1-தான். பகா எண் காட்ட வேண்டிய அடையாளம் அது, 91-உம் கூசாமல் காட்டுகிறது. 91-ஐ 19-ஆல் பெருக்கினால் வருவது 1729, நம் ராமானுஜன் எண். அது இன்னும் பெரிய கில்லாடி. 7, 13, 19 இவற்றால் வகுபடாத எந்த எண்ணை அடியாக வைத்தாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். இப்படிப்பட்டவற்றைக் கார்மைக்கேல் எண்கள் என்பார்கள். ராமானுஜனிடம் 1729 சுவாரசியமில்லாத எண் என்று சொன்ன ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டி, பின்னாளில் அதை எழுதியபோது 7, 13, 19 என்ற காரணிகளையும் கூடவே குறித்து வைத்தார். தேர்வு எழுதுபவர்களோ 1729-ஐயும் பகா எண் என்று டிக் அடிக்கிறார்கள்!

சரி, செய்ய வேண்டியது என்ன? வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், போதும். 91-க்கு 2, 3, 5, 7. எண் 289-க்குக் கீழே இருந்தால் 11, 13 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் 'பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கிறது' என்று எழுதாதீர்கள். 2 பகா எண்தான், இரட்டைப்படையில் அது ஒன்றுதான். 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. இதில் விவாதம் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களைப் பிள்ளைகளை உருப்போட வைக்காதீர்கள். கட்டம் போட்டு 1 முதல் 100 வரை எழுதி, முதலில் 1-ஐ அடித்துவிட்டு, 2, 3, 5, 7 இவற்றை மட்டும் விட்டு அவற்றின் மற்ற மடங்குகளை வரிசையாக அடிக்கச் சொல்லுங்கள். ஏழின் முறை வரும்போது புதிதாக அடிபட மிச்சமிருப்பவை மூன்றே எண்கள்: 49, 77, 91.