பில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு கார்பரேட்டரைக் குறை சொல்லாதீர்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, கார்பரேட்டர் போயாச்சு, புதுசு ஒண்ணு போட்டுத் தாங்க" என்றார். பிளக்கைக் கழற்றினேன். முனை சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தது. போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையை, கழற்றிப் பார்த்தால், பிஸ்டனில் சைலன்சர் பக்கம் ஆணியால் கீறியது போல நெடுகக் கோடுகள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் ஒரு குறையும் இல்லை.

காற்று பில்டர் இருக்கும் பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு பில்டர் மாட்டியிருந்தார். சைலன்சரும் வேறு. ஆனால் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட் மட்டும் பழையது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றைக் கூட்டிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் பற்றாது. வெள்ளைப் பிளக் அதற்கு அடையாளம். கொஞ்சம் லீனான வண்டி முதல் சில நாள் நல்ல துடிப்பாகத்தான் ஓடும், அதுதான் ஆபத்து. ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்க்காற்றில் முழுதாக முறுக்கிக்கொண்டு போகும்போது பிஸ்டன் சூட்டில் பெருத்துப் போரைக் கவ்விவிட்டது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் தம்பி பிழைத்தார். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆக்சிலேட்டர் கைப்பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, எவ்வளவு முறுக்கும்போது வண்டி திணறுகிறது என்று பாருங்கள். ஐடிலிங்கிலும் கால்வாசி வரைக்கும் திணறினால், பார்க்க வேண்டியது பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும் காற்றுத் திருகும். கால்வாசிக்கு மேல் முக்கால்வாசி வரை என்றால், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி. அதற்கும் மேலே என்றால் மெயின் ஜெட் என்ற பெரிய ஜெட். திணறும் இடத்தில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் லீன், இன்னும் மோசமானால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ஊசியில் கிளிப்பை ஒரு காடி கீழே போட்டால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். காற்றுத் திருகு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது பில்டர் பக்கம் இருந்தால், வெளியே திருப்பும்போது காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால், வெளியே திருப்பும்போது பெட்ரோல் கூடும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் இறங்காமல் நின்றால், ஜெட்டைத் தொடுவதற்கு முன் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை பெரிதாகிவிடும். பெரிய நம்பர் ஜெட் வாங்கிப் போடுங்கள்.

ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதில் ஆக்சிலேட்டர் கேபிள் கார்பரேட்டருக்கு மட்டும் போவதில்லை, ஆயில் பம்புக்கும் போகிறது. வேறு கார்பரேட்டர் மாட்டும்போது அந்தக் கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால், பெட்ரோல் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆயில் பற்றாமல் எஞ்சின் பிடித்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு பருவம். பாக்ஸ் இல்லாத பில்டர் மழைத் தண்ணீரை நேராக உள்ளே இழுக்கும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் ஈரத்தை உறிஞ்சும், கலவையையும் இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் தள்ளும். குளச்சல், முட்டம் பக்கம் நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் கார்பரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால், அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பார்க்கலாம். நிறுத்தி வைக்கும் முன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு.

அந்த மாணவரின் வண்டிக்குப் போரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, பழைய பில்டர் பாக்ஸையும் கம்பெனி சைலன்சரையும் திரும்ப மாட்டினேன். கார்பரேட்டர் அதேதான். கழுவினேன், அவ்வளவுதான். முதல் 500 கிலோமீட்டர் பாதிக்கு மேல் முறுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். திரும்ப வந்தபோது பிளக் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது, கலவை சரியாகிவிட்டது என்று அர்த்தம்.