அலைக்கற்றை கை மாறினால் என்னென்ன மாறும்? பகிர்வு, விற்பனை விதிகள் விளக்கம்

அலைக்கற்றை என்பது மொபைல் சிக்னல் பயணிக்கும் ரேடியோ அலைவரிசை. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டுக்கான 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 20 மெகாஹெர்ட்ஸை எடுத்தது ஏர்செல். இன்று அது ஏர்டெல் கையில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு, ஆந்திரா, பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர் ஆகிய 8 வட்டங்களின் (மொபைல் சேவைக்காகப் பிரித்த பகுதிகள்) அலைக்கற்றையை ஏர்செல் 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெலுக்குக் கொடுத்தது. அலைக்கற்றைதான் போனது, வாடிக்கையாளர்கள் போகவில்லை. அவர்கள் ஏர்செல்லிலேயே இருந்தார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் விழுந்தபோது திண்டாடியவர்கள் அவர்கள்தான்.

இந்த வேறுபாடு மனதில் இருந்தால் விதிகளில் பாதி புரிந்துவிடும். அலைக்கற்றை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல, அது பொதுச் சொத்து. ஏலத்தில் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட வட்டத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. வாங்கியவர் அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அல்லது இருவரும் சேர்ந்து பயன்படுத்தலாம். இந்தியாவில் இதற்கான வழிகாட்டு விதிகள் 2015இல் வந்தன: செப்டம்பர் 24இல் பகிர்வுக்கு, அக்டோபர் 12இல் விற்பனைக்கு.

எது பகிர்வு, எது இல்லை

இரண்டு நிறுவனங்கள் ஒரே கோபுரத்தில் தங்கள் ஆன்டெனாக்களை மாட்டினால் அது கோபுரப் பகிர்வு. ஒரு நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் அதன் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பில் பேசினால் அது வட்டத்துக்குள் ரோமிங். இரண்டிலும் அலைக்கற்றை உரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அலைக்கற்றைப் பகிர்வு என்பது, இருவரின் அலைவரிசைகளையும் ஒன்றாகச் சேர்த்து இருவரின் வாடிக்கையாளர்களுக்கும் கொடுப்பது.

அதற்கு இருவரிடமும் அதே வட்டத்தில், அதே பட்டையில் (800, 1800, 2300 என்று மெகாஹெர்ட்ஸ் எண்ணால் அழைக்கப்படும் அலைவரிசைத் தொகுதி) அலைக்கற்றை இருக்க வேண்டும். 1800 பட்டையில் ஒருவரிடம் இருக்கிறது, மற்றவரிடம் எதுவும் இல்லை என்றால் அது பகிர்வு ஆகாது, குத்தகை ஆகிவிடும். 2015 விதிகளில் குத்தகைக்கு இடமில்லை.

சேர்ப்பதால் என்ன லாபம்? ரயில் நிலைய முன்பதிவு அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு கவுன்டருக்கும் தனித்தனி வரிசை இருந்தால், ஒன்றில் ஆளே இல்லாமல் மற்றொன்றில் இருபது பேர் நிற்பார்கள். ஒரே வரிசையை இரண்டு கவுன்டரும் எடுத்தால் யாரும் வீணாகக் காத்திருக்க மாட்டார்கள். தனித்தனியாக இருக்கும் இரண்டு 5 மெகாஹெர்ட்ஸைவிடச் சேர்ந்திருக்கும் ஒரு 10 மெகாஹெர்ட்ஸ் நெரிசல் நேரத்தில் அதிகம் தாங்குவது இதனால்தான். தனி ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

பகிர்வைத் தொடங்க இருவரும் கூட்டாக, குறைந்தது 45 நாட்களுக்கு முன் தொலைத்தொடர்புத் துறைக்கு அறிவிக்க வேண்டும். ஒரு நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு அலைக்கற்றை வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்புக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு: கூட்டாளியிடம் அந்தப் பட்டையில் இருப்பதில் பாதி உங்கள் கணக்கில் கூடும். இருவரிடமும் தலா 10 மெகாஹெர்ட்ஸ் இருந்தால், பகிர்ந்த பிறகு ஒவ்வொருவரிடமும் 15 இருப்பதாகக் கணக்கு. ஏற்கெனவே வரம்பை ஒட்டி நிற்கும் நிறுவனம் இதைப் போட்டுப் பார்க்காமல் ஒப்பந்தம் போட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முதல் ஆறு ஆண்டுகளில் பகிர்வு பெரிதாகப் பரவாததற்கு ஒரு காரணம் கட்டணம். பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டணம் ஏஜிஆரில் 0.5 சதவீதம் கூடியது. ஏஜிஆர் என்பது, அரசுக்குப் பங்கு கணக்கிடுவதற்காக அனுமதிக்கப்பட்ட கழிவுகளை நீக்கிய பின் நிற்கும் வருவாய். ஒரு வட்டத்தில் 1,000 கோடி ஏஜிஆர் உள்ள நிறுவனத்துக்கு அந்த அரை சதவீதம் ஆண்டுக்கு 5 கோடி. ஒரே ஒரு பட்டையைப் பகிர்ந்தாலும் கையில் உள்ள எல்லாப் பட்டைக்கும் சேர்த்துக் கூடுதல் கட்டணமா என்ற கேள்வி நிறுவனங்களை உறுத்தியது. பகிரும் பட்டைக்கு மட்டும் போதும் என்று 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. 2021 செப்டம்பர் 15இல் மத்திய அமைச்சரவை அந்தக் கூடுதல் 0.5 சதவீதத்தையே நீக்கிவிட்டது. பகிர்வை ஊக்குவிக்க விதி போட்டுவிட்டு, பகிர்ந்தால் தண்டம் வைத்தது ஆரம்பத்திலேயே தவறு. திருத்த ஆறு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை.

விற்பனை: படிப்படியாக

விற்கவோ வாங்கவோ தகுதி உள்ளவர்கள் அந்த வட்டத்தில் மொபைல் சேவை உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே. தனிநபர், முதலீட்டாளர், இடைத்தரகர் யாருக்கும் இதில் இடமில்லை. வாக்கி டாக்கி உரிமம் வைத்திருக்கும் நிறுவனமும் தன் அலைவரிசையை விற்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த அலைக்கற்றை விற்கத் தக்கதா என்பது. 2010ஆம் ஆண்டிலிருந்து நடந்த ஏலங்களில் எடுத்ததென்றால் தடையில்லை. அதற்கு முன் ஏலமின்றி உரிமத்தோடு நிர்வாக முறையில் ஒதுக்கப்பட்டது என்றால், சந்தை விலையைக் கட்டிய பிறகே விற்கலாம். மலிவாகப் பெற்றதை ஏல விலைக்கு விற்று இடையில் உள்ள பணத்தை யாரும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கான பூட்டு இது. 2ஜி ஒதுக்கீட்டில் 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, இந்தப் பூட்டு இல்லாமல் எந்த அரசும் விற்பனையை அனுமதித்திருக்க முடியாது.

அடுத்தது கால வரம்பு. ஏலத்திலோ விற்பனையிலோ கிடைத்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வைத்திருந்த பிறகே கைமாற்றலாம். சந்தை விலை கட்டி விற்கத் தக்கதாக மாற்றிய அலைக்கற்றைக்கும் இதே 2 ஆண்டுதான்.

பிறகு அளவு. இஷ்டப்பட்ட துண்டாக வெட்ட முடியாது. 800 பட்டையில் 1.25 மெகாஹெர்ட்ஸ் இணைகளாக, 900இலும் 1800இலும் 200 கிலோஹெர்ட்ஸ் இணைகளாக, 2100இல் 5 மெகாஹெர்ட்ஸ் இணைகளாக, 2300இலும் 2500இலும் 20 மெகாஹெர்ட்ஸ் தொகுதிகளாகத்தான் விற்க வேண்டும் என்று 2015 விதி வகுத்தது. இணை என்றால் போனிலிருந்து கோபுரத்துக்கு ஒன்று, கோபுரத்திலிருந்து போனுக்கு ஒன்று. விற்பனை முழு வட்டத்துக்கும் பொருந்த வேண்டும். சென்னைக்கு மட்டும் விற்று மதுரையை வைத்துக்கொள்ள முடியாது. ஒதுக்கீடே வட்டத்தின் ஒரு பகுதிக்குத்தான் என்றால் அந்தப் பகுதி அளவில் விற்கலாம்.

இங்கேயும் 45 நாள் முன்னறிவிப்பு உண்டு. இருவரும் விதிகளுக்கு உட்பட்டே நடப்பதாக உறுதிமொழி தர வேண்டும். அது பொய் என்று பின்னால் தெரிந்தால் விற்பனையையே செல்லாததாக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. வாங்குபவர் மாற்றக் கட்டணமாக விற்பனைத் தொகையில் ஒரு சதவீதமோ, நிர்ணயித்த சந்தை விலையில் ஒரு சதவீதமோ, எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் 100 கோடி என்று எழுதி, சந்தை விலை 120 கோடியாக இருந்தால் கட்டணம் 1 கோடியே 20 லட்சம். விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை. விற்றவருக்குக் கிடைத்த பணமும் அவருடைய ஏஜிஆரில் சேரும், அதற்கும் உரிமக் கட்டணம் உண்டு.

காலம் நீளாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏர்செல் 2010இல் எடுத்த உரிமை 2030இல் முடிகிறது என்றால், யார் கைக்குப் போனாலும் முடிவது 2030இல்தான். எஞ்சிய ஆண்டுகளுக்கே விலை. சேவையை இன்னின்ன இடங்களில் இத்தனை நாளுக்குள் தொடங்க வேண்டும் என்ற ஏல நிபந்தனையும் வாங்குபவர் தலையில் வந்து உட்காரும்.

நிலுவை என்ற முள்

நடைமுறையில் ஒப்பந்தங்கள் முறிவது பெரும்பாலும் நிலுவையில்தான். ஒப்பந்தத்தை முடிக்கும் முன் விற்பவர் தன் பாக்கி அனைத்தையும் தீர்க்க வேண்டும். அதன் பிறகு, கைமாறும் நாள் வரை சேர்ந்த பாக்கி ஏதேனும் தெரியவந்தால் அது வாங்குபவர் பொறுப்பு. கைமாறும்போது இருவருக்குமே தெரியாத பாக்கி பிற்பாடு வெளியே வந்தால், அரசு அதை இருவரில் யாரிடமும், அல்லது இருவரிடமும் சேர்த்து வசூலிக்கலாம். அலைக்கற்றை மீது வழக்கு நிலுவையில் இருந்தால், அரசின் நலன் பாதுகாக்கப்பட்ட பிறகே மாற்றம் நடக்கும். வில்லங்கச் சான்று பார்க்காமல் மனை வாங்கக் கூடாது என்று சொல்வோமே, அதே நியாயம்தான்.

ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் அலைக்கற்றையை ஜியோவுக்கு விற்க 2017 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. விற்பவரின் பழைய பாக்கிக்குத் தான் பொறுப்பல்ல என்று உறுதி வேண்டும் என்றது ஜியோ. விதி அப்படி இல்லை என்று தொலைத்தொடர்புத் துறை மறுத்தது. ஓராண்டு இழுபறிக்குப் பிறகு விற்பனை நடக்கவில்லை, 2019இல் அந்த நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது.

இன்னொன்று, விற்பனை முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த பில். 2016இல் வீடியோகானிடமிருந்து 6 வட்டங்களின் 1800 பட்டை அலைக்கற்றையை 4,428 கோடி ரூபாய்க்கு ஏர்டெல் வாங்கியது. 2019 அக்டோபர் 24இல், ஏஜிஆரில் எந்தெந்த வருவாய் சேரும் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்ததும், பழைய ஆண்டுகளின் கணக்கே மாறியது. 2021 ஆகஸ்டில் வீடியோகானின் ஏஜிஆர் பாக்கி என்று 1,376 கோடியை ஏர்டெலிடம் தொலைத்தொடர்புத் துறை கேட்டது. ஏர்டெல் உச்ச நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மூன்று வார அவகாசம் கொடுத்துத் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. கேட்ட தொகை வாங்கிய விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! பொது மக்களுக்குச் சேர வேண்டிய பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது மறைந்துவிடக் கூடாது என்பதால் இந்த விதி கடுமையாக இருப்பதே சரி. பாக்கி எவ்வளவு என்பதை விற்பனைக்கு முன்பே துறை இறுதி செய்து கொடுத்தால்தான் அது நியாயமாகவும் இருக்கும்.

1.25 மெகாஹெர்ட்ஸை யார் வாங்குவார்கள்?

2021 ஏப்ரலில் ஏர்டெல் 800 பட்டையில் ஆந்திராவில் 3.75, மும்பையில் 2.5, டெல்லியில் வெறும் 1.25 மெகாஹெர்ட்ஸை ஜியோவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ரொக்கம் 1,037.6 கோடி, இனி கட்ட வேண்டிய ஏலத் தவணைகள் 459 கோடி, ஆக மொத்தம் சுமார் 1,497 கோடி.

டெல்லியின் 1.25ஐத் தனியாக வைத்து 4ஜி ஓட்டவே முடியாது. 4ஜி கேரியரின் (ஒரே துண்டாக இயங்கும் அலைவரிசை) அகலங்கள் 1.4, 3, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ். மிகச் சிறியதுகூட 1.4. ஆனால் ஜியோவிடம் அங்கே ஏற்கெனவே 8.75 இருந்தது. 1.25 சேர்ந்ததும் 10. முன்பு 5இல் ஓட்டிவிட்டு மீதியைச் சிறு துண்டாகத்தான் பயன்படுத்தியிருக்க முடியும், இப்போது முழுசாக ஒரு 10. மும்பையில் 12.5 என்பது 15 ஆனது, ஆந்திராவில் 6.25 என்பது 10 ஆனது. ஒருவரிடம் வீணாகக் கிடக்கும் துண்டு இன்னொருவரிடம் கட்டத்தை நிரப்புகிறது. அலைக்கற்றை வர்த்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். நடுவில் வேறு நிறுவனத்தின் அலைவரிசை இருந்தால் தனித்தனிக் கேரியர்களாக ஓட்டி, போனிலேயே இணைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய போன்களுக்குப் பலன் கிடைக்காது.

பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் குத்தகையும்

2022 ஏலத்தில் அதானி டேட்டா நெட்வொர்க்ஸ் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸை 212 கோடிக்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் அதை ஏர்டெல் குழுமத்துக்கு மாற்ற ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது: குஜராத், மும்பை தலா 100, ஆந்திரா, ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு தலா 50. எடுத்தவர் விரிவாகப் பயன்படுத்தாதபோது, பயன்படுத்தக்கூடியவரிடம் போக விற்பனை ஒரு வழி. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் மேலும் இரண்டு வழிகளைத் தந்திருக்கிறது. தக்க காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அரசு திரும்ப எடுக்கலாம். ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையின் ஒரு பகுதியை, முதலில் பெற்றவருக்கு இடையூறு வராமல், இரண்டாம் நிலைப் பயனாளருக்கும் ஒதுக்கலாம்.

குத்தகைக் கதவு 2022 ஜூனில் ஓரளவு திறந்தது. தொழிற்சாலை, துறைமுகம், சுரங்கம் போன்றவை தங்கள் வளாகத்துக்குள் மட்டும் இயங்கும் தனி வலையமைப்புக்காக மொபைல் நிறுவனத்திடமிருந்து அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்கலாம். அதைப் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைக்கக் கூடாது.

வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது

உங்கள் நிறுவனம் அலைக்கற்றையைப் பகிர்ந்தாலும் வாங்கினாலும் சிம், எண், கட்டணத் திட்டம் எதையும் நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. புதுப் பட்டையை உங்கள் போன் பிடிக்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜிக்கு போன் விவரத்தில் பேண்ட் 40 இருக்க வேண்டும், 1800க்கு பேண்ட் 3, 900க்கு பேண்ட் 8, 800 என்று இங்கே அழைப்பதற்கு பேண்ட் 5. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போன்களில் சில சமயம் 40 இருக்காது. கோபுரத்துக்கு அடியில் நின்றாலும் அந்தப் பட்டை அவற்றுக்குத் தெரியாது.

5ஜி அலைக்கற்றையில் முதலீடு, வீட்டு மாடியில் கோபுரம் வைக்கத் தடையில்லாச் சான்று என்று சொல்லி முன்பணம் கேட்டால் அது மோசடி. டிராய் அப்படி எந்தச் சான்றும் தருவதில்லை, பணமும் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

உங்கள் நிறுவனம் அலைக்கற்றையை வாங்காமல், வட்டம் வட்டமாக விற்றுக்கொண்டே வருகிறது என்றால் அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆங்கிலத்தில் PORT என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் குறியீடு வராது, பிரீபெய்டு இருப்பு புது நிறுவனத்துக்குக் கூட வராது. குறியீடு கேட்கவும் பெறவும் சிக்னல் வேண்டும். 2018இல் ஏர்செல் கோபுரங்கள் அணைந்த பிறகு அனுப்பிப் பார்த்தவர்கள் பலர் அங்கேதான் சிக்கினார்கள்.