நீர்த்தல்: சொல்லும் கணக்கும்

ஆய்வகப் பேச்சில் 'டைல்யூட் பண்ணுவது' என்று புழங்கும் செயலைத் தமிழ் வேதியியல் நூல்கள் 'நீர்த்தல்' என்கின்றன. கரைசலில் மேலும் கரைப்பானைச் சேர்த்து அதன் செறிவைக் குறைப்பதே அதன் பொருள்.

'டைல்யூஷன்' என்பதன் வேர், கழுவி அகற்றுவதைக் குறிக்கும் 'டிலுவெரே' என்னும் இலத்தீன் வினை. பெருவெள்ளத்தைச் சுட்டும் 'டெல்யூஜ்' என்ற ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிலிருந்தே வந்தது. தமிழ்ச் சொல்லோ நீர் என்னும் பெயரிலிருந்து நேரே கிளைத்த வினை. நீரல்லாத கரைப்பானான ஹெக்சேனைச் சேர்க்கும்போதும் 'நீர்த்தல்' என்பது பொருந்துமா என்று கேட்கலாம். திட்டம் நீர்த்துப் போயிற்று என்று எழுதுகையில் அங்கே தண்ணீரை யாரும் தேடுவதில்லை; அடர்த்தி குன்றுதல் என்னும் பொருள் அச்சொல்லில் எப்போதோ ஊறிவிட்டது. 'விளாவுதல்' அழகான சொல்தான், ஆயினும் வெந்நீரில் தண்ணீர் கலந்து சூட்டைத் தணிப்பதையே அது முதலில் நினைவூட்டும். 'கரைத்தல்' அறவே பொருந்தாது. அது கரைபொருளைக் கரைப்பானில் சேர்க்கும் முந்தைய செயல்.

இலக்கணத்திலும் கவனம் வேண்டும். நீர்த்தல் தன்வினை; ஆகவே 'நீர்த்த அமிலம்' சரி, 'அமிலத்தை நீர்த்துக' என்பது பிழை, 'நீர்க்கச் செய்க' என்றே எழுதவேண்டும்.

நீர்க்கச் செய்யும்போது கரைபொருளின் அளவு மாறுவதில்லை என்பதால், தொடக்கச் செறிவையும் கனஅளவையும் பெருக்கி வரும் தொகையும் இறுதிச் செறிவையும் கனஅளவையும் பெருக்கி வரும் தொகையும் சமமாக இருக்கும். 12 மோலார் (லிட்டருக்கு 12 மோல் செறிவுள்ள) ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 1 மோலார் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டுமெனில், 250-ஐ 12-ஆல் வகுக்க, எடுக்கவேண்டிய அமிலம் ஏறத்தாழ 20.8 மில்லிலிட்டர் என்று கிடைக்கும். எஞ்சிய 229.2 மில்லிலிட்டர் நீரைத் தனியே அளந்து ஊற்றுவது முறையன்று. முதலில் கணிசமான நீரை எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரைசல் அறை வெப்பநிலைக்கு ஆறியபின் திட்டக் குடுவையில் 250 மில்லிலிட்டர் கோடுவரை நீரால் நிரப்பவேண்டும். கனஅளவுகள் எப்போதும் கூட்டலுக்கு அடங்குவதில்லை: 50 மில்லிலிட்டர் எத்தனாலும் 50 மில்லிலிட்டர் நீரும் கலந்தால் 100 அன்று, சுமார் 96 மில்லிலிட்டரே கிடைக்கும்.

'1:10 நீர்த்தல்' என்ற குறியீடுதான் பெருந்தொல்லை. ஒருவர் அதை மொத்தம் 10 பங்கு என்று கொண்டு ஒரு பங்குக்கு 9 பங்கு கரைப்பான் சேர்ப்பார்; இன்னொருவர் 10 பங்கு சேர்த்து மொத்தத்தை 11 ஆக்குவார். 'பத்து மடங்கு நீர்த்தது' என்று எழுதினால், இறுதிச் செறிவு பத்தில் ஒன்று என்பதில் ஐயம் எழாது.