போனை எடுக்காதவர் கோபமாக இருக்கிறாரா?

“அண்ணனுக்குக் கோபம் வந்தால் போனை எடுக்கமாட்டார், காலையிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியென்றால் நம்மீது கோபமாகத்தான் இருக்கிறார்.” இதில் முதல் இரண்டு கூற்றுகளும் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் மூன்றாவது கூற்று அவற்றிலிருந்து பிறப்பதில்லை. கோபத்தில் இருக்கும்போது அவர் போனை எடுக்கமாட்டார் என்றால், எடுத்துவிட்ட நாளில் அவருக்குக் கோபமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எடுக்காத நாளைப் பற்றி அந்த விதி எதையும் உறுதிசெய்வதில்லை. வண்டி ஓட்டும்போதும் உறங்கும்போதும் சார்ஜ் தீர்ந்தபோதும் அவர் எடுக்கமாட்டார்.

இந்தப் பிழையை நம் தருக்க மரபு நன்கு அறிந்திருந்தது. மணிமேகலையின் 29ஆவது காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது ஏது (காரணம்) போலத் தோன்றி முடிவை நிறுவாதவற்றை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பிரிக்கிறார். அநைகாந்திகத்தின் ஒரு வகைக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு, அறியப்படுவதால் சத்தம் அநித்தம் (ஒலி நிலையற்றது) என்பது. அழியும் குடமும் அறியப்படுகிறது, நித்தம் (என்றும் நிலைப்பது) எனக் கொள்ளப்பட்ட ஆகாயமும் அறியப்படுகிறது; இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் ஏது எந்தப் பக்கத்தையும் நிறுவாது. போனை எடுக்காமையும் அப்படிப்பட்ட ஏதுதான். வறண்ட பகுதி என்று வாசகர்கள் தாண்டிச் செல்லக்கூடிய இந்த வரிகளே அந்தக் காப்பியத்தில் அன்றாட வாழ்வுக்கு மிகவும் பயன்படுபவை என்று கருதுகிறேன்.

மனம் ஏன் இங்கே சறுக்குகிறது என்பதற்கு பீட்டர் வேசன் என்னும் பிரிட்டிஷ் உளவியலாளர் 1966இல் விவரித்த சோதனை வெளிச்சம் தருகிறது. ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் கொண்ட நான்கு அட்டைகளில் ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7 ஆகியவை தெரிகின்றன. ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும் என்னும் விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் 7ஐயும் திருப்ப வேண்டும். பெரும்பாலோர் உயிரெழுத்தை மட்டுமோ, அதனுடன் 4ஐயோதான் திருப்புகிறார்கள். 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. ஆயினும் விதியில் சொல்லப்பட்ட எண்வகை கண்ணில் பட்டதும் மனம் அதையே பற்றிக்கொள்கிறது. விதியை உடைக்கக்கூடிய 7ஐத் தேடிப் போவதில்லை.

எனவே வீட்டு வாதத்தில் கேட்க வேண்டியது, கோபமில்லாத நாட்களிலும் அண்ணன் போனை எடுக்காமல் இருந்ததுண்டா என்பதே. அடிக்கடி உண்டு என்றால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. அரிதாகவே உண்டு என்றால் ஐயம் வலுப்பெறும், ஆனால் உறுதியாகாது. இதற்கு மறுபுறமும் ஒரு பிழை காத்திருக்கிறது: காரணம் தவறு என்று காட்டியவர், முடிவும் பொய் என்று நிறுவிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். அண்ணன் உண்மையிலேயே கோபமாக இருக்கலாம். அதற்குச் சான்று வேறிடத்திலிருந்து வர வேண்டும், பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே.