ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற செக் என்ஜின் விளக்கு எரிந்ததும் பலர் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ‘பி0171’ என்ற பிழைக் குறியீடு வருகிறது. விசாரித்தால் யாரோ ஒருவர் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய சென்சாரை மாட்டிய பிறகும் விளக்கு அணையாமல் பட்டறைக்கு வரும் கார்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பி0171 சொல்வதெல்லாம் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவு என்பதுதான். இன்டேக் குழாயில் விரிசல், வலுவிழந்த பெட்ரோல் பம்ப், சென்சாருக்கு முன்னால் கசியும் சைலன்சர் கேஸ்கட் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. நடந்ததை ஒழுங்காகச் சொன்ன சாட்சியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குற்றவாளியை அப்படியே விட்டுவிடுகிறோம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை வைத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்குச் சொல்வதே இந்தச் சென்சாரின் வேலை. உள்ளே இருக்கும் ஜிர்கோனியா பீங்கான், பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் வரையும் குறைந்தால் 0.1 வோல்ட் அளவும் காட்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேல்தான் அது சரியாக வேலை செய்யும் என்பதால், கூடவே சிறிய ஹீட்டர் ஒன்றும் இருக்கிறது. நம் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும்: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பி0135, பி0141 என்று வந்தால் ஹீட்டர் சுற்றைப் பாருங்கள். முன்னது முதல் சென்சார், பின்னது இரண்டாவது. இக்னிஷனை அணைத்து, என்ஜின் ஆறியபின் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சார் பக்கம் வரும் நான்கு கம்பிகளில் ஒரே நிறமுள்ள இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருடையவை. மல்டிமீட்டரில் அவற்றுக்கிடையே சில ஓம்கள் காட்ட வேண்டும்; சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மின்தடை முடிவிலி என்றால் ஹீட்டர் எரிந்துவிட்டது. ஹீட்டர் நன்றாக இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு வயரிங்கை. எலி கடித்த கம்பி இங்கே அடிக்கடி பிடிபடும். மேலுறை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். விரலால் மடக்கினால் உள்ளே செம்பு பச்சை பூத்து இற்றுப் போயிருக்கும். கேஸ் கிட் பொருத்திய கார் என்றால், கிட் பொருத்தியவர் சென்சார் கம்பியில் போட்ட இணைப்பையும் பிரித்துப் பாருங்கள்.

சிக்னலைச் சோதிக்க ஸ்கேனரின் நேரடி அளவுகளே போதும். திறந்தவெளியில் என்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஆக்ஸிலேட்டரை 2000 ஆர்.பி.எம்.மில் பிடித்திருங்கள். மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் மேலே பாய வேண்டும், விட்டால் கீழே விழ வேண்டும். எதற்கும் அசையாமல் நடுவில் நிற்கிறது என்றால், வயரிங்கும் சரியாக இருக்கும்பட்சத்தில், சென்சாரைச் சந்தேகிக்கலாம். பின் சென்சார் இதற்கு நேர்மாறு. 0.6, 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய நிலையாக இருப்பதுதான் நல்லது. அதுவும் முன் சென்சாரைப் போல ஆடினால் கன்வெர்ட்டர்தான் களைத்துப் போயிருக்கிறது. கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றச் சொல்பவர்களிடம் இந்தச் சோதனையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது, கலவையின் விகிதத்தையே அளந்து சொல்லும் வைடுபேண்டு வகை. அதற்கு இந்த வோல்டேஜ் கணக்கு பொருந்தாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டுச் சற்று ஊறவிட்டு, குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. ஸ்பேனரால், அல்லது கம்பி நுழையப் பிளவுள்ள சென்சார் சாக்கெட்டால் திருகுங்கள். அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மரை உரிந்தால் செலவு பல மடங்காகும். புதியதைக் கையாலேயே முழுவதும் திருகி ஏற்றிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். மரையில் ஏற்கெனவே பூச்சு இருந்தால் மேலும் எதையும் தடவ வேண்டாம். சென்சாரின் முனையில் கிரீஸோ சிலிகான் பசையோ பட்டால் அது கெட்டுவிடும். கீழே விழுந்த சென்சாரையும் மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். விலை குறைவு என்று கனெக்டர் இல்லாத சென்சாரை வாங்கிக் கம்பிகளைச் சால்டர் வைத்து ஒட்டவும் கூடாது. பல சென்சார்கள் புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றைக் கம்பியின் இழைகள் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும்.

பழைய சென்சாரை உடனே வீசிவிடாமல் அதன் முனையைப் பாருங்கள். கரிய பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் படிவு என்றால் கூலன்ட் கசிந்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மூலக்கோளாறைச் சரிசெய்யாமல் மாட்டிய புதிய சென்சாரும் அதே கதிக்குத்தான் ஆளாகும். எல்லாம் முடிந்ததும் பிழைக் குறியீட்டை அழித்து, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் டிரிம்மை, அதாவது பெட்ரோல் அளவில் ஈ.சி.யு. செய்யும் திருத்தத்தைப் பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் நின்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது.